கிரைண்டரில் போன விரல்கள்

சரசாவுக்கு இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. எப்படிப் போயிற்று என்று கேட்டவர்களுக்கெல்லாம் எட்டு வருஷமாக ஒரே பதில்தான்: "ஊட்டு கிரைண்டர்ல மாட்டிகிச்சு." பட்டாபிராமில் அவள் குடியிருக்கும் ஒற்றை அறை வீட்டில் கிரைண்டரே கிடையாது. இட்லி மாவைத் தெருமுனைக் கடையில் பாக்கெட்டாகத்தான் வாங்குகிறாள். அந்தக் கடைக்காரம்மாகூட ஒருநாளும் துருவிக் கேட்டதில்லை. பாதித் தெரு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிற தெரு அது. விரல் எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் ரகுநாதனின் பிரஸ் ஷாப். தகரக் கூரை, தகடு வெட்டும் ஒன்பது பவர் பிரஸ்கள், பன்னிரண்டு பெண்கள். தகட்டை உள்ளே தள்ள வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும், மேலேயிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கி வெட்டும், கையால் எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை. நாலாயிரத்தில் ஒரு தடவை கண் அசந்தால் போயிற்று. சரசாவுக்குக் கண்கூட அசரவில்லை. தேய்ந்துபோன ஸ்பிரிங் ஒன்று அவள் மிதிக்காமலே டையை இறக்கிவிட்டது.

ரகுநாதனைக் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார், பில் கட்டினார், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு மூன்று தடவை வந்து பார்த்தார். மூன்றாவது தடவைதான் விஷயத்துக்கு வந்தார். சரசாவின் பெயர் அதுவரை எந்த ரிஜிஸ்தரிலும் ஏறியிருக்கவில்லை. கேஸ் என்று போனால் ஷாப்பை மூடிவிடுவார்கள், பன்னிரண்டு பேர் பிழைப்பும் போகும். வீட்டு கிரைண்டரில் அடிபட்டது என்று சொல்லிவிட்டால், கை ஆறியதும் நிரந்தர வேலை, குடும்பத்துக்கே இலவச வைத்தியம் தரும் ஈ.எஸ்.ஐ. கார்டு, எல்லாம் உண்டு. "உன்னை நான் கைவிட மாட்டேன் சரசா," என்றார். கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே அவள் சரி என்றாள். வேறு என்ன சொல்வாள், பாவி மகள்?

சொன்னபடி கார்டு வந்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்துத் தண்ணி லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் லட்சுமணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். அந்தக் கார்டு மட்டும் இல்லாவிட்டால் லட்சுமணனை அன்றைக்கே பறிகொடுத்திருப்பாள். தாலியைக்கூட அடகு வைத்திருக்கிறாள். கார்டை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

இந்த நிலைமையில்தான் கனிமொழி வந்து சேர்ந்தாள். வேலப்பன்சாவடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மானிடவியல் ஆராய்ச்சி மாணவி. பெரம்பலூர்ப் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயசு, வானகரத்தில் லேடீஸ் ஹாஸ்டல். ஷாப்புக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் தவறாமல் வந்து உட்கார்ந்துவிடுவாள். முதலில் பெண்கள் அவளை ஏதோ இன்ஷூரன்ஸ் பாலிசி பிடிக்க வந்தவள் என்று நினைத்து ஒதுங்கினார்கள். பிறகு சரசாதான் பக்கத்தில் போய்க் கேட்டாள்.

"இன்னா பாப்பா, டெய்லி வந்து குந்திகினு கீற. இன்னா ஓணும் ஒனக்கு?"

"உங்க வேலையைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்க்கா. ஆராய்ச்சி பண்றேன். டெல்லியில ஒரு அறக்கட்டளை அதுக்கு ரெண்டு வருஷம் உதவித்தொகை குடுக்குது. சும்மா எழுதி அலமாரியில வைக்கிற ஆராய்ச்சி இல்ல. யாரைப் பத்திப் படிக்கிறோமோ அவங்களுக்கு அதால ஏதாவது நல்லது நடக்கணும். அதுதான் கண்டிஷன்."

"நாங்க வேல செய்யறத வேடிக்க பாக்கறதுக்கு ஒனக்குத் துட்டா? அடிப்பாவி, அப்ப வேல செய்யற எங்களுக்கு இன்னும் எவ்ளோ குடுக்கணும்!"

பெஞ்சே குலுங்கச் சிரித்தார்கள். கனிமொழியும் சிரித்தாள். அன்றைக்கு அவளுக்குச் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கும் சரசா டப்பாவிலிருந்து கிடைத்தது. அதற்குப் பிறகு தினமும் கிடைத்தது.

அந்தப் பெண்ணுக்கும் நெருக்கடி இருந்தது. ஊரில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதவித்தொகை வருகிற வரைக்கும்தான் படிப்பு, நின்றால் மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வர வேண்டும் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். பெண் பிள்ளை படிப்பென்றால் மட்டும் எல்லாருக்கும் கடிகாரம் ஓடுகிறது!

மூன்று மாதம் பழகிய பிறகு ஒரு மத்தியானம், யாரும் இல்லாத நேரத்தில், சரசா உண்மையைச் சொன்னாள். கட்டிய புருஷனிடமும் முழுசாகச் சொல்லாத விஷயம். டை இறங்கிய சத்தம், கீழே தட்டில் கிடந்த விரலைப் பார்த்து 'இது யார்து' என்று தான் நினைத்தது, ஆரஞ்சுப் பழம், எல்லாம். கனிமொழியின் போனில் பதிவாகிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டுத்தான் பதிவு செய்தாள். பெயரை மாற்றித்தான் எழுதுவேன், எந்த ஷாப் என்று எழுத மாட்டேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் சரசாவுக்கு உடம்பு லேசானது போல இருந்தது. எட்டு வருஷத்தில் முதல் முறையாக அந்தக் கையை முந்தானைக்குள் மறைக்காமல் பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு டீ குடித்தாள்.

பேசியதற்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து ரசீதில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது அறக்கட்டளையின் விதி. சரசா இரண்டு தடவை வாங்க மறுத்தாள். வாங்காவிட்டால் தன் கணக்கில் கேள்வி வரும் என்று கனிமொழி கெஞ்சியதால் மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டாள்.

ஆறாம் மாத அறிக்கை அனுப்பினால்தான் அடுத்த தவணை வரும். அறிக்கையோடு நேரில் போய்ப் பார்த்ததற்கு அத்தாட்சியாகப் புகைப்படங்கள் வேண்டும். வெறும் படம் செல்லாது. தேதி, நேரம், இடம் எல்லாம் படத்தின் அடியிலேயே அச்சாகிற செயலியில் எடுத்ததாக இருக்க வேண்டும். இப்போதெல்லாம் எந்தப் பணத்துக்கும் இந்தச் சட்டம்தான். முகத்தை மறைக்கச் சொல்வார்கள், பெயரை மாற்றச் சொல்வார்கள், எந்தத் தெரு என்று மட்டும் புள்ளி வைத்துக் காட்டச் சொல்வார்கள். இதை எழுதிவைத்த புண்ணியவான் ஒருநாளாவது ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பானா?

கனிமொழி இரண்டு நாள் யோசித்தாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, மூஞ்சி வேண்டாம். போர்டு எதுவும் விழாது. கையை மட்டும் ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

"எட்த்துக்கோ. கையில இன்னா என் பேரா எழுதிக்கீது?"

சரசா கையை முந்தானையில் துடைத்து, பெஞ்சின்மேல் விரித்து வைத்தாள். கனிமொழி எடுத்தாள். அடியில் பட்டரவாக்கம், தெருப் பெயர், மத்தியானம் ஒன்று பன்னிரண்டு என்று விழுந்தது. ஒருத்தி படித்தவள், ஒருத்தி உலகம் பார்த்தவள், இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. எஸ்டேட்டில் களைத்துப்போன முகங்கள் ஆயிரம் உண்டு. அந்தத் தெருவில் அந்தக் கை ஒன்றுதான்.

அறக்கட்டளைக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. பிரஸ்ஸில் விரல் போன பெண்ணின் கை என்று எழுதி, நல்ல வேலை நடக்கிறது என்று பெருமையாகத் தங்கள் இணையப் பக்கத்தில் போட்டார்கள். அங்கிருந்து அதை யார் யாரோ பகிர, ரகுநாதனிடம் பாகம் வாங்குகிற பெரிய கம்பெனியின் அதிகாரி ஒருவர் கண்ணில் பட்டது. அந்தத் தெருவில் அவர்களுக்கு வேலை செய்வது ஒரே ஷாப்தானே? விபத்தை மறைத்திருக்கிறீர்களா என்று கேட்டு, பதில் வரும் வரை ஆர்டரை நிறுத்திவைத்தார்கள்.

ரகுநாதன் சத்தம் போடவில்லை. சூப்பர்வைசர் முகமது இஸ்மாயிலை அனுப்பி சரசாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். போனில் அந்தப் படத்தைக் காட்டினார்.

"இது யார் கைன்னு நான் கேக்கல. கேக்க வேண்டியதில்ல."

சரசா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இந்த ஆர்டர் போச்சுன்னா ஷாப் இல்ல சரசா. ஷாப் இல்லன்னா உன் கார்டு இல்ல. லட்சுமணன் எப்படி இருக்கான்?" அவர் மிரட்டும் குரலில் கேட்கவில்லை. உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

தட்டச்சு செய்த தாள் ஒன்று மேஜையில் இருந்தது. என் கை வீட்டு கிரைண்டரில் அடிபட்டது, அந்த மாணவி பணம் கொடுத்து பிரஸ்ஸில் அடிபட்டதாகச் சொல்லச் சொன்னார், நான் அறியாமல் செய்துவிட்டேன். நாலே வரி. சரசா நாலு வரியையும் மூன்று தடவை படித்தாள்.

"இஸ்மாயில் பாய், அந்தப் பொண்ணு பாவம் பாய்," என்றாள்.

இஸ்மாயில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்கும் மூன்று பெண் பிள்ளைகள். "கையெழுத்தைப் போட்டுடும்மா," என்றார். "வேற வழி இல்ல."

போட்டாள். தாள் மத்தியானமே கம்பெனிக்கும் அறக்கட்டளைக்கும் போனது. அன்றைக்குச் சாயங்காலம் கனிமொழி ஏழு தடவை போன் பண்ணினாள். மணி அடிக்க அடிக்க சரசா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "யாருடி, எடுத்துப் பேசேன்," என்றான் லட்சுமணன். "லோன் வேணுமான்னு கேக்கற கம்பெனிக்காரன்," என்றாள். வெட்கமாக இருந்தது, அழுகை அழுகையாக வந்தது, பாத்திரம் கழுவுகிற சாக்கில் வெளியே போய் அழுதாள்.

இரண்டு வாரம் கழித்துக் கல்லூரியில் விசாரணை. ரகுநாதன் தன் கார் டிரைவரோடு அவளை அனுப்பிவைத்தார். நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அறக்கட்டளைக்காரர் டெல்லியிலிருந்து டிவியில் தெரிந்தார். கனிமொழியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான பேராசிரியர் சிவராமன் ஓரமாக இருந்தார். கனிமொழி எதிரே இருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். போனைத் தன் முன்னால் மேஜைமேல் வைத்திருந்தாள்.

"உங்க கை எப்படிம்மா அடிபட்டது?"

சரசா அந்தப் போனைப் பார்த்தாள். தன் குரல் மொத்தமும் அதற்குள் இருக்கிறது. அந்தப் பெண் ஒரு விரலால் தொட்டால் போதும், தன் பொய் அத்தனை பேர் முன்னாலும் உடைந்துவிடும்.

"ஊட்டு கிரைண்டர்ல சார்."

"இவங்க எழுதியிருக்கறது?"

"அது எனக்குத் தெர்யாது."

"பணம் குடுத்தாங்களா?"

"ஐந்நூறு ரூபா. கையெழுத்து வாங்கிகினு குடுத்தாங்க."

ஒருவர் ரசீதை எடுத்து மற்றவருக்குக் காட்டினார். பிறகு கனிமொழி பக்கம் திரும்பினார்கள்.

"அவங்க சொன்னதுக்கு ஆதாரம் ஏதாவது வச்சிருக்கீங்களா? ரெக்கார்டிங்?"

கனிமொழி சரசாவை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபம் இருந்திருந்தால்கூடச் சரசா தாங்கியிருப்பாள்.

"இல்ல சார். அழிச்சிட்டேன்."

"கனிமொழி, யோசிச்சுச் சொல்லும்மா," என்றார் சிவராமன்.

"யோசிச்சுட்டேன் சார்."

அவ்வளவுதான். வெளியே வந்ததும் டிரைவர் நேரமாகிறது என்று அவசரப்படுத்தினான். வராந்தாவில் அந்தப் பெண்ணோடு ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. கார் மதுரவாயல் பைபாஸ் ஏறும் வரை சரசா திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

உதவித்தொகை நின்றது. கனிமொழி ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டாள் என்று டீக்கடைக்காரர்தான் யார் மூலமோ கேள்விப்பட்டுச் சொன்னார். ஷாப்புக்கு ஆர்டர் திரும்பி வந்தது. சரசாவும் வேலைக்குப் போனாள், அதே பிரஸ், அதே பெடல். லட்சுமணனின் டயாலிசிஸ் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் மட்டும் சோறு இறங்காது.

ஐந்தாவது மாதம் ரகுநாதன் எல்லோரையும் கூட்டி நிறுத்தினார். தகரக் கொட்டகை இருந்த இடத்தை ஏதோ குடோனுக்கு விற்றாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் புது ஷாப். அங்கே எல்லாம் தானாக ஓடுகிற மெஷின், டிப்ளமோ படித்த நாலு பேர் போதும். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆளுக்கு இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தார். சரசாவுக்கு மட்டும் மூன்று மாதம்.

"கைவுட மாட்டேன்னு சொன்னீங்களே சார்," என்றாள் சரசா.

"என் கையில என்னம்மா இருக்கு?" என்றார் அவர்.

கட்டிய பணத்துக்குக் கார்டு இன்னும் சில மாதம் ஓடும். அதற்கப்புறம் அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் போய் நிற்க வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து லட்சுமணனிடம் சொன்னாள். அவன், "பரவால்ல வுடு," என்றான். பரவாயில்லையாமே! அந்தக் கார்டுக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையையே வாரிக் கொடுத்தாளே, அது அவனுக்குத் தெரியுமா? அன்றைக்குத்தான் முதல் முறையாக எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். "போய் உண்மையச் சொல்லிட்டு வந்துடு," என்றான் லட்சுமணன். "இனிமே நமக்கு இன்னா கீது பயப்பட."

ஆவடியில் பஸ் ஏறி, பூந்தமல்லியில் மாறி, வேலப்பன்சாவடியில் இறங்கினாள். சிவராமன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"பிரஸ்லதான் சார் போச்சு," என்றாள் வாசலிலேயே. "அந்தப் பொண்ணு எழுதினது அத்தனியும் நெஜம். நான்தான் பொய் சொன்னேன்."

"தெரியும்மா. உக்காருங்க."

"தெர்யுமா?"

"ரெக்கார்டிங்கை அவ அழிக்கல. நான் முழுசா கேட்டிருக்கேன்."

"அப்ப நீங்க ஏன் சார் வாயத் தொறக்கல?"

சிவராமன் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வாயைத் திறக்கக் கூடாதுன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டா. உங்க வீட்டுக்காரர் உயிர் அந்த வேலையிலதான் இருக்காம். படம் எடுத்தது என் தப்பு சார், அதுக்கு அவங்க எதுக்கு சாகணும்னு கேட்டா. நான் என்ன பதில் சொல்றது?"

சரசா அழுதாள். அடக்கமாக அழவில்லை, பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்க்கும்படி அழுதாள். அவர் தண்ணீர் கொடுத்தார். அழுகைக்கு நடுவே ஷாப் போனதையும் வேலை போனதையும் சொன்னாள். தான் இப்போது எழுதிக் கொடுத்தால் அந்தப் பெண்ணுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டாள்.

"அந்தப் பணத்தை வேற ஒரு மாணவிக்குக் குடுத்துட்டாங்க. பணம் வராது. ஆனா அவ பொய் எழுதலன்னு பேராவது சுத்தமாகும்," என்று வெள்ளைத்தாள் ஒன்றையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார். "அவ கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில இருக்கா. தை மாசம் கல்யாணம். பேசறீங்களா?"

அவள் பதில் சொல்வதற்குள் எண்ணை அழுத்திவிட்டார். இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு போனை நீட்டினார்.

"அக்கா!" குரல் அப்படியேதான் இருந்தது. "நல்லா இருக்கீங்களா அக்கா? அண்ணனுக்கு எப்படி இருக்கு?"

"கீறாரும்மா. நல்லாத்தான் கீறாரு."

"டயாலிசிஸ் ஒழுங்கா நடக்குதா?"

"நடக்குது கண்ணு."

பிறகு கனிமொழி கேட்டாள், கேட்கவே பயப்படுகிறவள் மாதிரி.

"வேலைக்குப் போய்ட்டிருக்கீங்கல்ல அக்கா? ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

சரசா சிவராமனைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார்.

"போய்கினுதான் கீறேன் கண்ணு," என்றாள் சரசா. "அதே எடம்தான். மொதலாளி நல்லாத்தான் வச்சுகினு கீறாரு."

அந்தப் பக்கம் அந்தப் பெண் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "அப்பாடா," என்றாள். "அது போதும்க்கா. நான் அடிக்கடி நினைச்சுப்பேன். அது ஒண்ணு போதும் எனக்கு."

கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றாள். சரசா வருகிறேன் என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். தாளும் பேனாவும் வைத்தபடியே இருந்தன.

"எழுதலையாம்மா?" என்றார் சிவராமன்.

"வேணாம் சார். எழுதினா ஏன் இப்ப எழுதினேன்னு அந்தப் பொண்ணு கேக்கும். வேல போனது அதுக்குத் தெர்ஞ்சிடும்."